படம் ஓடினால்தான் பந்தியில் இடமா?

செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் சுமார் இருபது மைல் தூரந்தான் இருக்கும். செங்கற்பட்டில் 1929-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் தோழர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அவர்கள் தலைமையில் முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாடு கூடி, பிறவியினால் உயர்வு தாழ்வு கூடாதென்றும், ஜாதிப் பட்டங்களை விட்டொழிக்க வேண்டுமென்றும் தீர்மானம் செய்தது. அந்தச் சேதி மாமல்லபுரத்துக் கோயில் பந்திவரை போய்ச் சேருவதற்கு 92 வருஷம் பிடித்தது. அப்பொழுதும் அது தன் காலால் நடந்து போகவில்லை. கைப்பேசி என்னும் யந்திரத்தின் மேல் ஏறிக்கொண்டுதான் போயிற்று.

நடந்தது இதுதான். 2021 அக்டோபரில், ஸ்தலசயனப் பெருமாள் கோயிலில் அறநிலையத் துறையின் அன்னதானப் பந்திக்குப் போன பூஞ்சேரி நரிக்குறவர் பெண்மணி ஒருவர், கைக்குழந்தையோடு வந்தும், பந்தியில் உட்கார விடாமல் விரட்டப்பட்டார். மிச்சமிருந்தால் பிறகு வெளியே வைத்துப் போடுவார்களாம். அந்த அம்மாள் அழுதுகொண்டு திரும்பிவிடவில்லை. ஒருவர் நீட்டிய காமிராவின் முன் நின்று, எங்களை விரட்ட நீ யார் என்ற தோரணையில் நறுக்காகக் கேட்டார். அந்தப் படம் ஊரெல்லாம் ஓடிற்று. அம்மாதக் கடைசியிலேயே அன்றைய அறநிலையத் துறை மந்திரி தோழர் சேகர்பாபு அதே கோயிலில் அந்த அம்மாளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட்டார். நவம்பர் 4-ந் தேதி அன்றைய முதன் மந்திரி தோழர் மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கே வந்து, நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு மனைப் பட்டாவும் ஜாதிச் சான்றிதழும் ரேஷன் கார்டும் கொடுத்தார்.

செய்தது நல்ல காரியம். அதில் நமக்குச் சந்தேகமில்லை. வைதீகர்கள் சிலர் இதை வெறும் நாடகம் என்று பரிகசித்தார்கள். பந்தியை விட்டு விரட்டினபோது வாய் திறவாதவர்களுக்கு, உட்கார வைத்தபோது மாத்திரம் நாடகம் தெரிந்ததென்றால் அந்தக் கண்ணின் யோக்கியதையை என்னவென்பது!

ஆனால் நாம் கேட்பது வேறு. தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு 1950-லேயே ஒழித்துவிட்டது. கோயில் நுழைவுச் சட்டமோ சென்னை மாகாணத்தில் 1947-லேயே வந்துவிட்டது. அப்படியிருக்க, ஒரு தாய்க்குச் சோற்றுப் பந்தியில் இடம் கிடைப்பதற்கு லட்சக்கணக்கான பேர் படம் பார்த்திருக்க வேண்டியது அவசியமென்றால், அவருக்குக் கிடைத்தது உரிமையா, பிச்சையா? பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் மனுக் கொடுக்காதவர்களா அந்த ஜனங்கள்? கலெக்டர் கச்சேரியில் திங்கட்கிழமைதோறும் குறை கேட்கும் நாள் நடக்கின்றது. காகிதத்தைப் படிக்காத உத்தியோகஸ்தர், அதே குறை படமாக ஓடினதும் ஜீப்பில் ஏறி ஓடி வருகின்றார். ஆகவே அவருடைய காது மனுதாரர் பக்கம் இல்லை, கூட்டத்தின் பக்கமே இருக்கின்றது என்று ஏற்படுகின்றதா இல்லையா?

நம்மவர்களிலேயே சிலர், "முகநூலும் வாட்ஸ்அப்பும் வந்துவிட்டன, இனி ஜாதி தானே ஒழிந்துவிடும்" என்று சொல்லித் திரிகின்றார்கள். யந்திரத்தை நம்புவதிலும் மூடநம்பிக்கை உண்டு, தோழர்களே! அந்த யந்திரம் தர்மத்துக்கு நடப்பதல்ல. விளம்பரக் காசுக்கு நடப்பது. பார்க்கிறவன் கண்ணை எடுக்காமலிருந்தால் அதற்கு லாபம். முகநூல் கம்பெனியார் 2017 முதல் சில காலம், ஜனங்கள் போடும் கோபக்குறி ஒன்றை விருப்பக்குறி ஐந்துக்குச் சமமாக வைத்து, எதை முன்னே காட்டுவது என்று தீர்மானித்து வந்தார்கள். இது அவர்களுடைய சொந்தக் காகிதங்களிலிருந்தே வெளிவந்தது. வெளிவந்த மாதம் எது தெரியுமா? பூஞ்சேரி அம்மாளின் படம் ஓடின அதே 2021 அக்டோபர். அவர் கோபம் நியாயமான கோபம், ஓடிற்று. நாளைக்கு ஒரு ஜாதி வெறியன் மீசையை முறுக்கிக்கொண்டு அரிவாளோடு படம் போட்டால் அதுவும் ஓடுகின்றது, சில சமயம் இன்னும் வேகமாக.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். பட்டத்தை விட்டுவிட்டோம் என்று மார்தட்டும் குடும்பத்தின் கைப்பேசியைத் திறந்து பாருங்கள்! உறவினர் குழு ஒன்று, உறவினர் குழுவுக்குள் ஜாதிச் சங்கக் குழு ஒன்று, காலையில் ராசிபலன், மாலையில் "நம்மவர் பெண்ணை எவனோ கூட்டிப் போய்விட்டான்" என்னும் வதந்தி. முன்னே திண்ணையில் பேசினால் நாலு பேர் கேட்பார்கள், ஒருவனாவது மறுத்துப் பேசுவான். இந்தத் திண்ணையிலோ மறுத்தவனைக் குழுவை விட்டே நீக்கிவிடுகிறார்கள்.

கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் 2019 அக்டோபரில் சீன அதிபரும் இந்தியப் பிரதம மந்திரியும் சுற்றிப் பார்த்தபோது உலகத்துக் காமிராக்களெல்லாம் அங்கே இருந்தன. கல்லைக் காட்டின. அதே ஊரில் பாசிமணி விற்று வயிறு வளர்க்கும் ஜனங்களின் பட்டா இல்லாத குடிசைகள் யார் கண்ணில் பட்டன? நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாமென்று லோகூர் கமிட்டி சொன்னது 1965-ல். பார்லிமெண்டு சட்டம் செய்தது 2022 டிசம்பரில். நடுவில் கழிந்த 57 வருஷத்து மனுக்களுக்குப் படம் கிடையாது.

கைப்பேசியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை நாம். நாளைக்கு உங்கள் ஊர்ப் பந்தியில் ஒருவரை விரட்டினால் தயங்காமல் படம் பிடியுங்கள். ஆனால் அதே கையால் ஒரு மனுவும் எழுதி, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். சர்க்காரையும் ஒன்று கேட்கின்றோம். மந்திரிகளும் உத்தியோகஸ்தர்களும் பட்டா கொடுக்கும் படத்தை அன்றன்றைக்கே தங்கள் பக்கங்களில் போடுகின்றார்களே, செங்கற்பட்டு ஜில்லாவில் இருளரும் நரிக்குறவரும் கொடுத்து இன்னும் பதில் பெறாத மனுக்களை, கொடுத்த தேதியோடு, அதே பக்கத்தில் எப்பொழுது போடப் போகின்றார்கள்?