டெல்லியைவிடப் பரவாயில்லை என்ற நிம்மதி: பெங்களூரின் நுரையீரல் சொல்வது என்ன?

பெங்களூரு: ஒவ்வொரு குளிர்காலத்திலும் டெல்லியின் காற்று மாசு தலைப்புச் செய்தியாகும்போது, பெங்களூரு வாசிகளிடம் ஒருவித நிம்மதி தென்படுவதுண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், இதமான வானிலையுடன் அமைந்துள்ள இந்நகரில் மாசு அளவு பொதுவாக டெல்லியைவிடக் குறைவு. எனினும், நகரின் சராசரியை யாரும் சுவாசிப்பதில்லை. அவரவர் தெருவின் காற்றையே சுவாசிக்கின்றனர்.

அன்றே எச்சரித்த ஆய்வு

பெங்களூரைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் எச்.பரமேஷ், மருத்துவமனைக்கு வந்த 18 வயதுக்குட்பட்ட 20,000 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2002-இல் வெளியானது. 1979-இல் 9 விழுக்காடாக இருந்த ஆஸ்துமா பாதிப்பு, 1999-இல் 29.5 விழுக்காடாக உயர்ந்ததை அது பதிவு செய்தது. மருத்துவமனை சார்ந்த இக்கணக்கு நகரம் முழுமைக்கும் அப்படியே பொருந்தாது.

ஆனால், பள்ளிகளில் நடத்தப்பட்ட ஆய்வு மேலும் தெளிவான செய்தியைத் தந்தது. போக்குவரத்து குறைந்த பகுதிப் பள்ளிகளில் 11.15 விழுக்காடாக இருந்த பாதிப்பு, நெரிசல் மிகுந்த பகுதிகளில் 19.34 விழுக்காடாக இருந்தது. நெரிசலுடன் வறுமையும் சேர்ந்த இடங்களில் அது 31.14 விழுக்காடு. அதன்பின் நகரின் வாகன எண்ணிக்கை ஒரு கோடியைக் கடந்துவிட்டது.

மூச்சு எங்கே தடைபடுகிறது?

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்த் தசைகள் இறுகி, உட்சுவர் வீங்கி, சளி சேர்கிறது. இழுத்த மூச்சை வெளியே விடுவதே பெரும்பாடாகிறது. உரிய மருந்து கிடைத்தால் குழாய்கள் பெரும்பாலும் மீண்டும் விரிகின்றன. ‘சிஓபிடி’ எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் நிலைமை வேறு. புகையும் தூசியும் ஆண்டுக்கணக்கில் அரித்ததில் காற்றுநுண்ணறைகளின் சுவர்கள் சிதைகின்றன. பழைய காற்று உள்ளேயே தேங்குகிறது. அந்தச் சிதைவை மருந்தால் மீட்க முடியாது. மேலும் மோசமாவதைத் தாமதப்படுத்தவே இயலும். நிமோனியாவில் நுண்ணறைகளில் நீரும் சீழும் நிறைவதால், ஆக்சிஜன் ரத்தத்தில் கலப்பது தடைபடுகிறது. காசநோய் குணமான பிறகும் தழும்புகள் நுரையீரலின் கொள்ளளவைக் குறைக்கக்கூடும்.

புகைப்பிடிக்காதவருக்கும் ஆபத்து

1990-இல் 2.81 கோடியாக இருந்த இந்திய சிஓபிடி நோயாளிகள் எண்ணிக்கை, 2016-இல் 5.53 கோடியானதாக ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் 2018-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நாட்டில் இந்நோயின் சுமையில் பாதிக்கு மேல் காற்று மாசுடனும், சுமார் கால் பங்கு புகையிலையுடனும் தொடர்புடையது என்றும் அது கூறியது. ஆகவே, பீடி, சிகரெட்டைத் தொடாதவரும் நீடித்த இருமலையும் படியேறும்போது வாங்கும் மூச்சையும் முதுமை என ஒதுக்கிவிட முடியாது.

செய்ய வேண்டியவை

முழு மூச்சை இழுத்து வேகமாக ஊதச் செய்யும் ‘ஸ்பைரோமெட்ரி’ சோதனைக்குச் சில நிமிடங்களே போதும். மருந்து கொடுத்த பிறகும், ஊதும் மொத்தக் காற்றில் முதல் நொடியில் வெளியேறும் பங்கு 70 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால், சிஓபிடி இருக்கக்கூடும். இச்சோதனை ஆரம்ப சுகாதார நிலையங்கள்வரை செல்ல வேண்டும். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சமும் களையப்பட வேண்டும். மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவு மருந்தே அதன்வழி நேரடியாக மூச்சுக்குழாயை அடைகிறது.

2019-இல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தில் பெங்களூரும் இடம்பெற்றுள்ளது. பிஎம் 2.5 நுண்துகளுக்கு இந்தியா நிர்ணயித்த ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு 2021-இல் பரிந்துரைத்ததோ 5 மட்டுமே. பெங்களூரு தன்னை ஒப்பிட வேண்டியது இந்த எண்ணுடன்தான், டெல்லியுடன் அன்று. அந்த அளவீடும் நெரிசல்மிகு சாலையோரப் பள்ளிகளின் வாசலிலிருந்தே தொடங்க வேண்டும்.