மண்ணுக்குள் வெப்பம், மண்ணுக்கு மேல் வெப்பம்



சித்திரை பிறந்ததும் நம் பயணச்சீட்டுச் சாளரத்தின் முன் நிற்பவர்கள் ஊர்ப் பெயரைச் சொல்வதற்கு முன்பாகவே வெயிலைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுகின்றனர். “இது நம் கோலார் தங்கவயல்தானா?” என்பது அவர்கள் கேள்வி. கடல் மட்டத்தினின்றும் ஏறக்குறைய 2,800 அடி உயரத்தில் அமைந்தது நம் ஊர். மார்கழி விடியலில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு மாரிக்குப்பம் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்த பெரியவர்கள், மின்விசிறி இல்லாத வீட்டிலேயே கோடையைக் கழித்தோம் என்று கூறக் கேட்டிருக்கிறோம். அவ்வூரில் இன்று இரவிலும் உறக்கம் பிடிக்கவில்லை.

இதுபற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஆறாம் வகுப்பில் படிக்கும் நம் மகன் ஒரு கேள்வி கேட்டான். “தாத்தா வேலை செய்த சுரங்கத்தில் பாறையே கொதித்தது என்கிறாரே, அந்தச் சூடு மெல்ல மெல்ல மேலே வருவதனால்தான் உலகம் வெப்பமாகிறதா?” என்றான். தங்கவயலில் பிறந்த பிள்ளைக்கன்றி வேறு எந்தப் பிள்ளைக்கும் இக்கேள்வி தோன்றாது. எனவே இத்திங்கள் இதனையே எடுத்துக்கொள்வோம்.

நம் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 10,000 அடிக்கும் மேல் ஆழம் சென்றது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸ். கையை வைத்தால் வைத்த இடத்தில் இருக்காது. காற்றைக் குளிர்விக்கும் பெரும் பொறிகளை நிலத்தின்மேல் நிறுவி, குளிர்ந்த காற்றைக் கீழே செலுத்திய பின்னரே அங்கு மனிதன் நின்று வேலை செய்ய முடிந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்படும் வரையில் நம் தந்தையார் அவ்வெப்பத்தில்தான் உழைத்தார்.

ஆயினும் உலகம் வெப்பமடைவதற்கு அவ்வெப்பம் காரணமன்று. பூமியின் உட்புறத்திலிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து வரும் வெப்பம், சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கினும் குறைவு. அதே இடத்தில் கதிரவனிடமிருந்து பூமி ஏற்றுக்கொள்ளும் வெப்பமோ ஏறக்குறைய 240 வாட். மேலும், உள்வெப்பம் நம் பாட்டன் காலத்திலும் இவ்வளவே, இன்றும் இவ்வளவே. மாறாத ஒன்று, மாறி வரும் ஒன்றுக்குக் காரணமாதல் எங்ஙனம்? ஆகவே குற்றவாளியை மண்ணுக்குள் தேடிப் பயனில்லை; மேலே தேடல் வேண்டும்.

மார்கழிக் கம்பளியை மீண்டும் நினைவுக்குக் கொண்டு வருவோம். கம்பளி தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. நம் உடலின் வெப்பம் வெளியே போய்விடாமல் தடுக்கின்றது, அவ்வளவே. கரியமில வாயுவும், மீதேனும், நீராவியும் பூமிக்கு அத்தகைய கம்பளிகள். கதிரவனின் ஒளி அவற்றினூடே எளிதாகப் புகுந்து நிலத்தைச் சூடாக்குகிறது. நிலம் அதனைக் கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிராகத் திருப்பி அனுப்புங்கால் இவ்வாயுக்கள் அதன் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்துகின்றன. இக்கம்பளி அறவே இல்லையெனில் பூமியின் சராசரி வெப்பம் உறைநிலைக்குக் கீழே 18 டிகிரியாக இருக்கும். உயிர்கள் வாழ்வது அரிது. எனவே கம்பளி தீயதன்று. அளவுக்கு மிஞ்சிக் கம்பளியின்மேல் கம்பளி போர்த்துவதே தீது.

தொழிற்சாலைகள் பெருகுமுன், காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு 280 பங்கு இருந்தது. 1958ஆம் ஆண்டு ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் என்னும் விஞ்ஞானி அதனை இடைவிடாது அளக்கத் தொடங்கியபோது ஏறக்குறைய 315 பங்காகியிருந்தது. இன்று 420 பங்கையும் தாண்டிவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிப்பதே இதற்குத் தலையாய காரணம். காடழித்தல், சிமெண்டு ஆலைகள் ஆகியன அடுத்து வருகின்றன. கால்நடைகளும் நீர் தேங்கிய நெல்வயல்களும் குப்பை மேடுகளும் மீதேனை வெளியிடுகின்றன.

இத்துறையில் தமிழர் ஒருவர் பெரும் பங்காற்றியுள்ளார் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் நன்று. வீரபத்திரன் இராமநாதன் என்னும் அவ்வறிஞர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், நமக்கு அண்மையிலுள்ள பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் பயின்றவர். சிறிது காலம் குளிர்பதனப் பெட்டித் தொழிலில் பணிபுரிந்தவர். அக்குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் என்னும் வாயு, கரியமில வாயுவைவிடப் பல்லாயிரம் மடங்கு வலிய கம்பளி என்பதை 1975ஆம் ஆண்டில் அவர் கண்டு வெளியிட்டார். குளிர்ச்சி தரும் பொறியிலிருந்தே உலகம் வெப்பமடையும் என்பது அந்நாளில் எவரும் எதிர்பாராதது.

“கதிரவனே முன்னிலும் அதிகமாகக் காய்கிறான் போலும்” என்பாரும் உளர். அங்ஙனமாயின் வாயுமண்டலத்தின் கீழ்ப்பகுதியும் மேற்பகுதியும் ஒருங்கே சூடேற வேண்டும். அளந்து பார்த்தால், கீழ்ப்பகுதி சூடேறுகிறது. அதற்கு மேலுள்ள அடுக்கோ குளிர்கிறது. கம்பளிக்குள் வெப்பம் மிகுந்து, கம்பளிக்கு வெளியே குறைவதைப் போன்றது இது. இச்சான்று ஒன்றே ஐயத்தை நீக்கப் போதுமானது.

இனி, எரித்தவர் யார் என்னும் வினா எழுகின்றது. நம் ஊரின் வரலாறு இதிலும் பாடம் புகட்டுகிறது. தொடக்கக் காலத்தில் இங்குச் சுரங்க எந்திரங்களை இயக்கியது நீராவியே. 1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறக்குறைய 92 மைல் தூரம் கம்பி இழுத்து நம் ஊருக்கு மின்சாரம் கொண்டு வந்தனர். பெங்களூர் நகருக்கு மின்விளக்கு வந்ததோ 1905இல்தான். எரியாத புகையாத ஆற்று நீரின் ஆற்றலைக் கொண்டு நம் பாட்டன்மார் பொன் எடுத்தனர். இன்று நம் நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து பிறக்கின்றது. எனினும் ஆளுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால், இந்தியர் ஒருவரின் பங்கு ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு டன் கரியமில வாயு. அமெரிக்கர் ஒருவரின் பங்கு அதனைப் போல் ஏழு மடங்கு அளவில் உள்ளது. கடனை வாங்கியவர் ஒருவர், வட்டி கட்டுபவர் மற்றொருவர் என்னும் நிலை இது.

அந்த வட்டி எவ்வாறு வசூலாகிறது? 2024ஆம் ஆண்டு, கணக்கு வைத்திருக்கும் ஆண்டுகளுள் மிக வெப்பமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியைவிட உலகச் சராசரி வெப்பம் அவ்வாண்டில் ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல் இருந்தது. “ஒன்றரை டிகிரிதானே” எனச் சிலர் நகைப்பர். உடலில் ஒன்றரை டிகிரி ஏறினால் அது காய்ச்சல் என்பதை அவர்கள் மறந்தனர்.

2016 ஏப்ரலில் பெங்களூரில் வெப்பம் 39.2 டிகிரியை எட்டியது. அந்நகரம் அதுவரை கண்டிராத அளவு அது. ஒரு நாள் வெயிலைக் கொண்டு உலகத்தை அளத்தல் தகாது என்பது உண்மையே. ஆனால் அத்தகைய நாட்கள் மேலும் மேலும் வருவதே கவனிக்கத்தக்கது. காற்று ஒரு டிகிரி வெப்பமடைந்தால் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு அதிக ஈரத்தை ஏந்திக்கொள்ளும். எனவே மண்ணின் ஈரத்தை விரைந்து உறிஞ்சும். கொட்டும்போதும் ஒரேயடியாகக் கொட்டும். வறட்சியும் வெள்ளமும் ஒரு தாயின் மக்கள்.

நந்தி மலைப் பக்கம் பிறந்து, நமக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரியில் தேங்கி, வேலூர் வழியே வங்கக் கடலை நோக்கிச் செல்வது பாலாறு. நம் முன்னோர் வட ஆற்காட்டிலிருந்து பிழைப்பு நாடி வந்ததும் அவ்வாற்றின் வழியைப் பற்றித்தான். பல்லாண்டுகள் வெறும் மணலாகக் கிடந்த அவ்வாற்றில் 2021 நவம்பரில் பெருவெள்ளம் பாய்ந்து கரையோர மக்களை அலைக்கழித்தது. மற்றைய ஆண்டுகளிலோ வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத நம் மாவட்டத்தில் ஆயிரம் அடிக்கும் கீழே துளையிட்டு நீர் தேடுகின்றனர். பெங்களூரின் கழிவுநீரைத் தூய்மை செய்து கோலாரின் ஏரிகளை நிரப்பும் திட்டம் 2018இல் தொடங்கியது. பொன் கொடுத்த மண் இன்று பிறர் பயன்படுத்திய நீரை எதிர்நோக்கி நிற்கின்றது.

இப்பொழுது நம் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்ல நாணமாயிருக்கிறது, ஆயினும் மறைத்தல் முறையன்று.

நாம் வாழ்வது பழைய லைன் வீடு, தகரக் கூரை. வாயிலில் நம் தாயார் நட்ட வேம்பு ஒன்று இருந்தது. மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் வேண்டுமென்று 2023ஆம் ஆண்டில் நாமே ஆளை அழைத்து அதனை வெட்டினோம். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. வெட்டி முடிக்கும் வரை திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஒரு நாள் பணி முடிந்து வீடு திரும்பிய நாம், அவர் கட்டிலருகே தரையில் நினைவின்றிக் கிடக்கக் கண்டோம். உடல் அனலாகக் கொதித்தது; வியர்வை நின்றுவிட்டிருந்தது. ஈரத்துணியால் உடலைப் போர்த்தி, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். பிழைத்தார்.

வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. உலராவிடில் எத்தகைய உடற்கட்டு உடையவனும் வீழ்வான். இதனைச் சுரங்கத்தார் நன்கு அறிவர். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியை வைத்து அளப்பது அதன்பொருட்டே. அந்த அளவு 35 டிகிரியை எட்டினால், நிழலில் சும்மா இருப்பவனும் சில மணி நேரத்துக்குமேல் உயிர் பிழைத்தல் அரிது என்று விஞ்ஞானிகள் கணித்துள்ளனர். முதியோருக்கு அதனினும் குறைந்த அளவே ஆபத்தாகும்.

மூன்றாம் நாள் தந்தையார் நம்மிடம் கூறியது இது: “கீழே மூச்சு முட்டினால் கூண்டு ஏறி மேலே வந்துவிடுவோம். மேலேயே முட்டினால் எங்கே ஏறுவது?”

ஒன்றைத் தெளிவாக்குவோம். நம் வேம்பை வெட்டியதனால் உலகம் வெப்பமாகவில்லை. நம் தெரு முழுதும் மரம் நட்டாலும் உலகம் குளிர்ந்துவிடாது. உலக வெப்பம் தணிய வேண்டுமெனில் நிலக்கரியைக் கைவிட்டுக் கதிரவனையும் காற்றையும் நாட வேண்டும். அது அரசுகள் செய்ய வேண்டிய காரியம். நம் மாநிலத்துப் பாவகடாவில் 2,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட கதிரொளி மின் நிலையம் வறண்ட நிலத்தில் எழுந்துள்ளது. அத்தகையன பெருகுதல் வேண்டும். ஆனால் உலகம் தணியும் வரையில் நம் வீட்டுக் கிழவரும் குழந்தையும் பிழைத்திருக்க வேண்டுமன்றோ? அதற்கு உதவுவது நிழல். வாயிலில் நின்ற ஒரு வேம்பு, நம் தகரக் கூரைக்கும் கதிரவனுக்கும் நடுவே நின்றது. அதைத்தான் நாம் தொலைத்தோம்.

ஆகவே சங்கத்து அன்பர்கள் முன் சிலவற்றைப் பணிவுடன் வைக்கிறோம். தகரக் கூரைக்கும் தளத்துக்கும் பங்குனியிலேயே வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள்; செலவு சிறிது, பயன் பெரிது. தனியே வாழும் முதியோர் வீட்டைக் கோடையில் நண்பகலில் ஒரு முறை எட்டிப் பாருங்கள். பிள்ளைகள் பெங்களூருக்கு வேலைக்குச் சென்றுவிட, பகலெல்லாம் தனித்திருக்கும் பெரியவர்கள் ஒவ்வொரு லைனிலும் உள்ளனர். வியர்வை நின்று, பேச்சுக் குழறினால், தாமதியாது உடலை நனைத்துக் குளிர்வித்து மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அகமதாபாத் நகரம் 2010இல் கொடிய வெயிலுக்குப் பலரைப் பறிகொடுத்தபின், 2013இல் இத்தகைய ஏற்பாடுகளை ஊரளவில் வகுத்துக்கொண்டது. தமிழ்நாட்டரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துள்ளது. நம் லைனளவில் நாம் செய்யலாகாதா?

இறுதியாக ஒன்று. சங்கக் கட்டடத்தின் பின்புறத்துப் புளியமரத்தை அகற்றி, அவ்விடத்தில் விசேஷங்களுக்குத் தகரக் கொட்டகை போடலாம் என்னும் யோசனை அடுத்த கூட்டத்திற்கு வருகின்றது. வருமானம் வரும் என்பது மெய். மறுக்கவில்லை. ஆயினும் கை தூக்கும் முன்பு அன்பர்கள் ஒரு நண்பகலில் அம்மரத்தின் கீழ்ப் பத்து நிமிடம் அமர்ந்து, பிறகு நம் வீட்டுத் தகரக் கூரையின் கீழ்ப் பத்து நிமிடம் அமர்ந்து பார்க்க வேண்டுகிறோம். இரண்டிற்கும் நாம் அழைத்துச் செல்கிறோம், மோரும் தருகிறோம்.

வாயிலில் புதிய வேப்பங்கன்று ஒன்று நட்டிருக்கிறோம். முழங்கால் உயரம் வந்துள்ளது. பாத்திரம் கழுவிய நீரைத் தந்தையார் காலைதோறும் அதற்கு ஊற்றுகிறார். அது நிழல் தருவதற்குள் நம் மகன் மீசை முளைத்தவனாகிவிடுவான். மோட்டார் சைக்கிள் தெருவில் வெயிலில் நிற்கின்றது.

அடுத்த திங்கள் சந்திப்போம்.