மூலம் அழிந்தால் நகல் உண்டா?



காணி உறுதியைத் தகரப் பெட்டியின் அடியிலே, பட்டுச் சேலைகளுக்குக் கீழே வைத்துப் பேணும் வழக்கம் நம்மவர் இல்லங்களில் இன்றும் உண்டு. அப்பெட்டியைத் துரு அரித்தாலும் வெள்ளம் கொண்டு சென்றாலும் காணி கைவிட்டுப் போய்விடுவதில்லை. காரணம் யாது? நொத்தாரிசு உறுதி முடிக்கும்போது ஒரு பிரதியை உரியவரிடம் கொடுக்கின்றார். ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்கின்றார். மற்றொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புகின்றார். மூன்று பிரதிகள், மூன்று இடங்கள்!

இந்த எளிய விவேகத்தைக் கணனித் தரவுத்தளங்களை ஆள்வோர் கைவிட்டால் விளைவு என்னவாகும்? இதனை விளக்க இரு நிகழ்ச்சிகள் போதும்.

மென்பொருள் எழுதுவோர் தம் வேலைகளைச் சேமித்து வைக்கும் தளங்களுள் ஒன்று கிட்லாப். 2017 ஆம் ஆண்டு ஜனவரி 31 ஆம் திகதி இரவு, அதன் துணைச் சேவையகம் முதன்மைச் சேவையகத்தோடு ஒத்து இயங்கத் தவறியது. துணைச் சேவையகத்தைத் துடைத்துப் புதிதாக நிரப்ப எண்ணிய பொறியியலாளர் ஒருவர், அழிக்கும் கட்டளையைத் தவறுதலாக முதன்மைச் சேவையகத்திலே இட்டுவிட்டார். ஓரிரு விநாடிகளில் பிழையை உணர்ந்து நிறுத்தினார். எனினும் ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவில் எஞ்சியது 4.5 ஜிகாபைட் மாத்திரமே.

காப்புப் பிரதிகள் இருக்கின்றனவே என்று தேடினர். நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பிய பிரதியைக் காணவில்லை. காப்பெடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாமையால் அவ்வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கின்றது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சென்றடையவில்லை. வட்டுக்களை அப்படியே படம்பிடித்து வைக்கும் வசதியோ தரவுத்தளச் சேவையகங்களுக்கு இயக்கப்பட்டிருக்கவேயில்லை.

முடிவில் கைகொடுத்தது எது தெரியுமா? பரீட்சார்த்த வேலைக்கென அன்று ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன்னர் எடுக்கப்பட்டிருந்த ஒரு நகல்! அது காப்புக்காக எடுக்கப்பட்டதன்று. தற்செயலாக வாய்த்த பேறு. அதனைக் கொண்டு தளத்தை மீட்டனர். ஆயினும் இடைப்பட்ட மணித்தியாலங்களில் பதிவான ஏறத்தாழ 5,000 செயற்றிட்டங்களும், 5,000 கருத்துரைகளும், 700 புதிய கணக்குகளும் பாதிப்புற்றன. அந்நிறுவனத்தார் நிகழ்ந்த அனைத்தையும் மறைக்காது உலகறியச் சொன்னமை பாராட்டுக்குரியது.

இரண்டாவது நிகழ்ச்சி நம் நாட்டினுடையது. 2023 ஆம் ஆண்டில் இலங்கை அரச மின்னஞ்சல் முறைமை கப்பம் கோரும் தீய மென்பொருளின் தாக்குதலுக்கு இலக்காயிற்று. அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள், அமைச்சரவை அலுவலகத்தினுடையவை உட்பட, இழக்கப்பட்டன. தாக்குதலுக்கு எட்டாத இடத்தில் அக்காலப் பகுதிக்குரிய காப்புப் பிரதி இருக்கவில்லை.

இவற்றிலிருந்து மாணாக்கர் கற்க வேண்டியவை சில உள.

முதலாவது, துணைச் சேவையகம் காப்புப் பிரதியாகாது. அது கண்ணாடியைப் போன்றது. மூலத்தில் நேர்ந்த பிழையை மறுகணமே தானும் காட்டும். மூலத்தில் ஓர் அட்டவணையை அழித்தால் அதிலும் அழிந்துவிடும். இயந்திரம் பழுதுற்றால் அது உதவும். மனிதன் பிழைவிட்டால் உதவாது.

இரண்டாவது, திட்டம் வகுக்குமுன் இரு வினாக்களுக்கு விடை காணவேண்டும். எவ்வளவு நேரத்துத் தரவை இழக்க நம்மால் இயலும்? மீண்டெழ எவ்வளவு நேரம் பொறுத்திருக்க இயலும்? கிராமத்து நூலகமொன்றுக்கு ஒரு நாட் பதிவு போனாலும் திரும்ப எழுதிவிடலாம்; வங்கிக்கோ ஒரு நிமிடமும் பெரிது. ஆகவே வங்கி போன்ற இடங்களில் முழுப் பிரதியோடு, நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறிக்கும் பதிவேட்டையும் பிறிதோரிடத்தில் சேமிப்பர். முழுப் பிரதியை மீளவைத்து, அதன்மேல் அம்மாற்றங்களை ஒவ்வொன்றாய் நிகழ்த்தி, பிழை நேர்வதற்குச் சற்று முந்திய கணத்தில் நிறுத்திக்கொள்வர்.

மூன்றாவது, பிரதிகள் மூன்றேனும் இருத்தல் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். அதுவும் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருப்பின் கப்பக் கள்வனின் கை அதனைத் தீண்டாது.

நான்காவது, நகலாக்கம். புதிய மென்பொருளைச் சோதிப்பதற்கு மூலத்தின் அச்சொட்டான நகலொன்று வேண்டப்படும். ஆனால் அதிலுள்ள பெயர், தொலைபேசி எண், நோய் விபரம் முதலியவற்றை மாற்றி மறைத்த பின்னரே சோதனையாளர் கையில் கொடுத்தல் வேண்டும். நகலிலிருந்து கசிந்தாலும் மானம் போவது மூலத்துக்குரியவருக்கே அன்றோ!

எல்லாவற்றிலும் தலையாயது ஒன்றுண்டு. மீட்டுப் பாராத காப்புப் பிரதி வெறும் நம்பிக்கையே. குறித்த காலத்துக்கு ஒருமுறை அதனை வேறொரு கணனியில் மீளவைத்து, தரவுகள் சரிதானா என்று ஒப்புநோக்கவேண்டும். கிட்லாப் நிறுவனத்தார் கண்ட குறை இதுவே.

இவ்வறிவுரை பெரிய நிறுவனங்களுக்கு மாத்திரம் உரியதன்று. அம்மம்மாவின் குரற்பதிவும், பிள்ளைகளின் குழந்தைப் பருவப் படங்களும் ஒரேயொரு கைத்தொலைபேசியில் மட்டும் கிடக்கும் வீடுகள் எத்தனை! அது கிணற்றில் வீழ்ந்தால் அவற்றுக்கு மறுபிரதி எங்கே?

இந்த ஞாயிறு மாலை ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். அவற்றை வேறொரு வட்டில் படியெடுத்து, உறவினர் ஒருவர் வீட்டில் வையுங்கள். வைப்பதற்கு முன்னர் ஒருமுறை திறந்தும் பாருங்கள்.