வட்டைக் கழற்றுவதற்கு முன்னால் வயரைப் பாருங்க சாமி

டிஸ்கி: இது டிஸ்க்கைப் பற்றின பதிவு, அதனால டிஸ்கி முதல்லயே வந்துடுச்சு. இந்த மாதிரி கடி இனிமே இல்லை, தைரியமா படிக்கலாம்.

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஆனா போன வாரம் வீட்டில் நடந்த கூத்தை எழுதாம விட்டா மண்டை வெடிச்சிடும். நம்மில் பாதிப் பேர் வீட்டில் ஒரு பழைய பி.சி.யில் ரெண்டு ஹார்ட் டிஸ்க்கைப் போட்டு 'சர்வர்' என்று பெயர் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அதில் ஏதாவது பிரச்சினை என்றால் உடனே நாம் செய்வது ஒன்றுதான்: சந்தேகப்பட்ட டிஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டுவது. எந்தக் கடையில் கேட்டாலும், எந்த நண்பனிடம் கேட்டாலும் இதே வைத்தியம்தான். இது தப்பு என்பது என் கட்சி. சும்மா தப்பு இல்லை, உள்ளதையும் தொலைக்க வைக்கும் தப்பு. நான் தொலைக்க இருந்தேன்.

எங்கள் வீட்டு சர்வர் மடிப்பாக்கத்தில் ஹாலில், டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே இருக்கிறது. அம்மாவுக்கு அது 'பொட்டி'. டெபியன் லினக்ஸ், இசட்.எஃப்.எஸ்., 4 டி.பி. வட்டுகள் இரண்டு, மிர்ரர். அதாவது ஒரே சமாச்சாரம் இரண்டு வட்டிலும் எழுதப்படும், ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். கதை குழம்பாமல் இருக்க ஒரு வட்டுக்கு அண்ணன் என்றும் இன்னொன்றுக்குத் தம்பி என்றும் பெயர் வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பதில் முக்கால்வாசி குப்பை: சினிமா, கல்யாண வீடியோ, எதற்கென்றே தெரியாத ஐ.எஸ்.ஓ. ஃபைல்கள். அந்தக் குப்பைக்கு நடுவில் ஒரு ஃபோல்டர். அப்பா போவதற்கு முந்தின வருஷம் நானும் அக்காவும் அவரை உட்கார வைத்து ஃபோனில் பதிவு செய்தது. கிணறு வெட்டின கதை, சைக்கிளில் திருச்சி போன கதை, தாத்தாவோடு சண்டை போட்ட கதை. மொத்தம் 37 ஆடியோ. பதிவு செய்த ஃபோன் எப்போதோ எக்ஸ்சேஞ்சில் போயாச்சு. 'அதான் சர்வரில் இருக்கே' என்ற தெனாவட்டு.

ஆரம்பம் இப்படி. கோயம்புத்தூரிலிருந்து அக்கா வந்திருந்தாள். பையனின் பிறந்தநாள் வீடியோவை சர்வரில் ஏற்றச் சொன்னாள். லேப்டாப்பிலிருந்து போட்டால் நொண்டி அடிக்கிறது. வழக்கமாக விநாடிக்கு 110 எம்.பி. போகும், இப்போது 11. ஒரு தடவை இல்லை, எப்போது பார்த்தாலும் 11. உடனே சர்வருக்குள் போய் வட்டுகளின் ஸ்மார்ட் ரிப்போர்ட்டை எடுத்தேன். அண்ணனில் 199ஆம் நம்பர், யு.டி.எம்.ஏ. சி.ஆர்.சி. எரர் கவுன்ட், 1,482 என்று இருந்தது. கெர்னல் லாகிலும் அண்ணன் இருக்கும் போர்ட்டில் லிங்க் ரீசெட், லிங்க் ரீசெட் என்று வரிசையாக. அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாச்சு. அண்ணன் அவுட். தம்பியின் ரிப்போர்ட்டை? ஹி ஹி, 199ஐ மட்டும் பார்த்தேன். பூஜ்யம். நல்ல பிள்ளை என்று மூடிவிட்டேன்.

சாயங்காலமே ரிச்சி ஸ்ட்ரீட். கடைக்காரர் நான் சொன்னதைப் பாதி கேட்டுவிட்டு, "எரர் வந்துடுச்சா, மாத்திடுங்க சார், ரிஸ்க் எடுக்காதீங்க" என்றார். அவர் விற்பவர், அவரைக் குறை சொல்லி என்ன? எனக்கும் அதைத்தான் கேட்க வேண்டியிருந்தது. புது வட்டு வாங்கினேன். ராத்திரி சர்வரை அணைத்து, அண்ணனைக் கழற்றி அலமாரியில் வைத்து, அதே இடத்தில் அதே கேபிளில் புதுசை மாட்டி, ரீப்ளேஸ் கமாண்டைக் கொடுத்தேன். தம்பியிலிருந்து படித்துப் புதுசில் எழுத ஆரம்பித்தது. ஏழு மணி நேரம் காட்டியது. படுக்கப் போய்விட்டேன்.

காலையில் பார்த்தால் தம்பியின் பெயருக்கு நேராக ரீட் எரர். கீழே ஒரு வரி: நிரந்தரப் பிழை, பின்வரும் ஃபைல்களில். இசட்.எஃப்.எஸ். கிட்ட ஒரு நல்ல குணம், கெட்ட செய்தியைப் பெயரோடு சொல்லும். மூன்று பெயர். ஒன்று ஏதோ சினிமா. இன்னொன்று அக்கா கல்யாண ஃபோட்டோ. மூன்றாவது 'அப்பா 23'.

23 தான் கிணற்றுக் கதை.

உண்மையைச் சொல்கிறேன், ஐந்து நிமிஷம் கை ஓடவில்லை. அப்புறம்தான் தம்பியின் ரிப்போர்ட்டை முழுசாகப் படித்தேன். 197ஆம் நம்பர், கரன்ட் பென்டிங் செக்டர்: 24. அதாவது 24 செக்டர்களைப் படிக்க முடியாமல் வட்டு திணறிக்கொண்டிருக்கிறது. இந்த நோய் எத்தனை மாசமாக இருக்கிறதோ. யாரும் அந்த இடத்தைப் படிக்காததால் யாருக்கும் தெரியவில்லை. மாசத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கிற ஸ்க்ரப் என்ற வேலையை டெபியன் தானாகவே செய்யும், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு தாண்டி. அதை நிறுத்தி வைத்தவன் யார்? நானேதான். ஹாலில் படுக்கும் அம்மா, "நடு ராத்திரில அந்தப் பொட்டி கரகரன்னு கத்துதுடா, தூக்கமே போச்சு" என்றாள். நேரத்தை மாற்றி வைத்திருக்கலாம். சோம்பேறித்தனமாக நிறுத்தியே விட்டேன்.

ஆக, நல்ல வட்டை அலமாரியில் வைத்துவிட்டு, கெட்ட வட்டிலிருந்து காப்பி எடுத்துக்கொண்டிருக்கிறேன். யு.எஸ்.பி. வட்டில் பேக்கப் இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தால் கடைசித் தேதி எட்டு மாசம் முன்னால். அதிலே அப்பா ஃபோல்டரே இல்லை. ரெய்டு பேக்கப் ஆகாது என்று ஆபீஸில் ஜூனியர் பசங்களுக்கு வகுப்பு எடுக்கிற வாய் இது.

பெட்டியை அணைத்தேன். அலமாரியிலிருந்து அண்ணனை எடுத்தேன். மேஜை டிராயரில் சீல் பிரிக்காத சாட்டா கேபிள் ஒன்று கிடந்தது, எப்போதோ மதர்போர்டோடு வந்தது. அதைப் போட்டு, காலியாக இருந்த மூன்றாவது போர்ட்டில் அண்ணனை மாட்டினேன். சாமி கும்பிடாதவன் நான், அன்றைக்கு பவர் பட்டனை அழுத்தும்போது என்ன நினைத்தேன் என்று கேட்காதீர்கள். பூட் ஆனதும் இசட்.எஃப்.எஸ். அண்ணனை அடையாளம் கண்டுகொண்டது. ரீப்ளேஸ் இன்னும் முடியாததால் பழைய வட்டின் பெயர் அதன் கணக்கில் அப்படியே இருந்தது. வேலை தொடர்ந்தது. தம்பி படிக்க முடியாமல் திணறின இடங்களை எல்லாம் அண்ணனிடமிருந்து எடுத்துக்கொண்டது. கெர்னல் லாகில் லிங்க் ரீசெட் ஒன்றுகூட இல்லை. 1,482 அப்படியே 1,482 ஆக நின்றது. அந்த எண் குறையவே குறையாது, ஏறாமல் நின்றால் வியாதி போய்விட்டது என்று அர்த்தம். அண்ணனுக்கு வியாதியே இல்லை. பழைய கேபிள்தான் கோளாறு. அதே கேபிளில் ராத்திரி முழுக்கப் புது வட்டை ஓட்டியிருக்கிறேன் என்பதைக் கவனிக்கவும். பார்த்தால் புதுசிலும் 199 ஏற ஆரம்பித்திருந்தது. பிரித்து 24 மணி நேரம் ஆகாத வட்டு!

சரி, அந்த 11 எம்.பி.? அது இதில் எதனாலும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகும் 11 தான். அம்மா காபி கொண்டு வந்து வைத்துவிட்டு, "ஏண்டா, அந்த நீல ஒயர் பால்கனிக் கதவுல நசுங்கிக் கெடக்கே, அது பரவால்லியா?" என்றாள்.

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஐந்தாம் செமஸ்டரில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் படித்தவன். ஜிகாபிட் ஈத்தர்நெட்டுக்குக் கேபிளில் இருக்கும் நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடி நசுங்கினால் லைன் சாகாது, சத்தம் போடாமல் 100க்கு இறங்கி ஓடும். 100ஐ எட்டால் வகுத்தால் 12.5, அதில் போக்குவரத்துச் செலவு போக 11 சொச்சம். அந்த எண்ணே வாக்குமூலம்! வட்டு கெட்டால் வேகம் ஏறி இறங்கி, நின்று, இழுத்துப் போகும், இப்படி மீட்டர் வைத்த மாதிரி 11லேயே நிற்காது. ஈத்டூலில் பார்த்தால் விநாடிக்கு 100 மெகாபிட் என்று கொட்டை எழுத்தில். ஐபெர்ஃப் போட்டால் 94. முதல் நாளே இந்த இரண்டையும் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. கதவைத் திறந்து வயரை மாற்றினேன், 110.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் இருக்கும் எல்லா எண்ணும் ஒரே சாதி இல்லை. 5, 197, 198 இவை வட்டின் உடம்பைப் பற்றிப் பேசுகின்றன. 199 வழியைப் பற்றிப் பேசுகிறது: வட்டுக்கும் போர்டுக்கும் நடுவில் போகிற தகவல் சிதைந்து வருகிறது என்கிறது. கூகுள் ஆட்கள் 2007ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சி.ஆர்.சி. பிழைகள் வட்டைவிட கேபிளையும் கனெக்டரையும்தான் காட்டுகின்றன என்று அதிலேயே இருக்கிறது. ஆனால் வட்டின் பரப்பைப் படிக்கும்போது முதல் ஸ்கேன் எரர் வந்துவிட்டால், அடுத்த 60 நாளில் அந்த வட்டு போவதற்கான வாய்ப்பு, பிழை வராத வட்டைவிட 39 மடங்கு. வட்டுகளை ஆயிரக்கணக்கில் ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் கவனித்துப் பார்க்கும் ஐந்து எண்கள் 5, 187, 188, 197, 198. அந்தப் பட்டியலில் 199 கிடையாது. நான் 1,482 என்ற பெரிய எண்ணைப் பார்த்துப் பயந்தேன், 24 என்ற சின்ன எண்ணைப் பார்க்கவே இல்லை.

அதே கூகுள் கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது. செத்துப்போன வட்டுகளில் பாதிக்கும் மேலே, முக்கியமான நாலு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றுகூடக் காட்டாமலேதான் போயின. அதனால்தான் சிலர், 'எண்ணை எல்லாம் நம்பாதே, சந்தேகம் வந்தால் மாற்றிவிடு' என்கிறார்கள். மாற்றுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பழையதைக் கழற்றாமல் மாற்றுங்கள் என்கிறேன். இன்னொரு போர்ட்டில் புதுசை மாட்டி, பழையதும் ஓடும்போதே ரீப்ளேஸ் கொடுத்தால், முடிகிற வரைக்கும் படிக்க இரண்டு இடம் இருக்கும். அரைகுறை வட்டானாலும் அதில் 99 சதவீதம் நல்லாத்தான் இருக்கும். இரண்டு வட்டிலும் ஒரே இடம் கெட்டிருப்பது அபூர்வம். நான் கழற்றியதற்கு ஒரே காரணம், பக்கத்து பே-யில் தூசி தட்டி ஸ்க்ரூ போடச் சோம்பல்.

'இதுக்குத்தான் கிளவுட்டில் போடுன்னு சொன்னேன்' என்று ஒரு நண்பர் ஏற்கனவே ஆரம்பித்துவிட்டார். அண்ணே, 2 டி.பி. குப்பைக்கு வருஷா வருஷம் வாடகை கட்ட எனக்கு மனசில்லை. ஆனால் அப்பா ஃபோல்டர் மொத்தமே 1 ஜி.பி. தேறாது. அதை மட்டுமாவது போட்டிருக்கலாம் என்று நீங்கள் சொன்னால் என்னிடம் பதில் இல்லை. இப்போது போட்டாச்சு. அக்காவும் ஒரு பென் டிரைவில் கோயம்புத்தூருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தற்போதைய நிலவரம்: அண்ணனும் புதுசும் ஜோடி. தம்பி அலமாரியில், பழைய சாட்டா கேபிளைக் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டேன், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் நானே எடுத்து மாட்டுவேன். ஸ்க்ரப்பைத் திரும்ப ஆன் செய்து ஞாயிறு மத்தியானத்துக்கு மாற்றியிருக்கிறேன், அம்மா சீரியல் மறுஒளிபரப்பு பார்க்கும் நேரம், சத்தம் கேட்காது. நிரந்தரப் பிழைப் பட்டியல் சுத்தமாக இரண்டு ஸ்க்ரப் வேண்டியிருந்தது. இரண்டாவது முடிந்ததும் 23ஐப் போட்டேன். கிணற்றில் தண்ணீர் வந்த இடத்தில் அப்பா வழக்கம்போல் இருமினார், அக்கா "தண்ணி குடிப்பா" என்கிறாள். அம்மா சமையலறையிலிருந்து, "சவுண்ட கொஞ்சம் கூட்டி வைடா" என்றாள்.