எனக்கொரு பெயர், அவனுக்கொரு பெயர்!

ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரிலே நான் குடியேறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. விடுமுறைக்கு ஊர் வந்தால் தேநீர்க் கடையிலே என்னைச் சூழ்ந்து கொள்கிறார்கள். "அங்கே பிரதமரே சைக்கிளிலே போவாராமே, மெய்தானா?" என்று கேட்கிறார்கள்.

மெய்தான். 2010 முதல் 2024 வரை பிரதமராக இருந்த மார்க் ருட்டே அலுவலகத்துக்குச் சைக்கிளிலே போனதை ஊரே பார்த்திருக்கிறது. அவருடைய கொள்கை வேறு, அது முதலாளிமார் மெச்சிய கொள்கை. ஆனால் வண்டி என்னவோ சைக்கிள்தான்!

நானும் சைக்கிளிலேதான் வேலைக்குப் போகிறேன். நகரத்தின் வடகரையிலே எனக்கு ஓர் அறை. 'ஐ' என்று அழைக்கப்படும் அகன்ற நீர்ப்பரப்பைப் படகிலே கடந்தால் மத்திய ரயில் நிலையம். படகுக்குக் காசு கிடையாது, சீட்டும் கிடையாது. இரவும் பகலும் ஓடுகிற அந்தப் படகிலே, வங்கி அதிகாரியின் சைக்கிளும், தெருக் கூட்டுபவரின் சைக்கிளும், முன்பெட்டியிலே இரண்டு குழந்தைகளை உட்கார வைத்து ஓட்டிவரும் தாயின் வண்டியும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன.

என் அப்பா கோவையிலே பஞ்சாலைத் தொழிலாளி. சங்கு ஊதுமுன் ஆலைக்குள் நுழைய வேண்டுமே என்று முப்பது ஆண்டுக் காலம் சைக்கிள் மிதித்தவர். எனக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்த அன்று அவர் சொன்ன முதல் பாடம், "கார் வந்தால் ஓரம் ஒதுங்கிக்கோ." அந்தப் பாடத்தோடு இங்கே வந்தேன். குறுக்குச் சந்திலே கார் நின்றது; நானும் நின்றேன். கார்க்காரர் கையசைத்தார், நானும் கையசைத்தேன். பின்னால் வந்த கிழவி மணியை அடித்து, "போயேன் ஐயா!" என்று டச்சு மொழியிலே அதட்டிய பிறகுதான் விளங்கிற்று, அவர் நின்றது எனக்காக என்பது. கார் எனக்காக நிற்கும் என்று நம்பவே ஒரு மாதம் பிடித்தது.

"அது தட்டையான பூமி, சைக்கிள் அவர்கள் இரத்தத்திலேயே ஊறியது" என்று சிலர் விளக்கம் சொல்லுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தவறு. பூமி தட்டையாக இருந்தது அன்றைக்கும்தான். ஆனால் 1950களிலும் 1960களிலும் கார்கள் பெருகப் பெருக, சைக்கிளை ஓரங்கட்டி, வாய்க்காலைத் தூர்த்து, தெருவை அகலப்படுத்தினார்கள். சைக்கிளின் காலம் முடிந்தது என்றே மேலிடத்தார் பேசினார்கள். விளைவு என்ன? 1971-ஆம் ஆண்டிலே மட்டும் அந்தச் சின்னஞ்சிறு நாட்டின் சாலைகளிலே சுமார் 3,300 பேர் மாண்டார்கள். அவர்களிலே 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள்!

அவ்வாறு மாண்ட ஒரு சிறுமியின் தந்தை விக் லாங்கன்ஹோஃப் என்ற இதழாளர். பள்ளிக்குச் சைக்கிளிலே போன ஆறு வயது மகள் வீடு திரும்பவில்லை. 1972-இலே அவர் தம் ஏட்டிலே ஒரு கட்டுரை தீட்டினார். 'குழந்தைக் கொலையை நிறுத்து!' என்பது தலைப்பு. அதுவே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. விபத்து என்று சொல்லவில்லை, தோழர்களே, கொலை என்றே சொன்னார்கள்! தாய்மார்கள் தெருவை மறித்தார்கள். பிரதமர் டென் அய்லின் வீட்டு வாசலுக்குச் சைக்கிளிலே போய்ப் பாட்டுப் பாடி நியாயம் கேட்டார்கள். ஆம்ஸ்டர்டாமிலே 'டி பைப்' என்றொரு தொழிலாளர் பேட்டை. நெருக்கமான வீடுகள், ஓடியாட இடமில்லாத தெருக்கள். அங்கே பள்ளிப் பிள்ளைகளே கையெழுத்து வாங்கினார்கள், தெருவின் குறுக்கே தடை போட்டார்கள். 1972-இலே தொலைக்காட்சிக்காரர்கள் எடுத்த படம் இன்றும் இருக்கிறது. ஆத்திரம் கொண்ட கார்க்காரர் ஒருபுறம். அரைக்கால் சட்டைப் பிள்ளைகள் மறுபுறம். 1973-இலே எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளிலே கார் ஓடக்கூடாது என்று அரசே ஆணையிட்டபோது, கார் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்பதை மக்கள் கண்ணாலும் பார்த்துவிட்டார்கள். இத்தனைக்கும் பிறகுதான் பாதை வந்தது.

பாதை மட்டுமா வந்தது? சட்டமும் வந்தது. காரும் சைக்கிளும் மோதினால், நட்டத்துக்குப் பொறுப்பு பெரும்பாலும் கார் உடையவர் தலையிலே. அடிபட்டது பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் முழுப் பொறுப்பும் அவருக்கே. வலுத்தவன் தெருவிலே இறங்கும்போது, அவன் வலுவுக்கேற்ற கவனத்தோடு இறங்கட்டும் என்பது ஏற்பாடு. இன்றும் அது சொர்க்கமல்ல. 2023-இலே சாலையிலே இறந்தவர் 684 பேர், அவர்களிலே 270 பேர் சைக்கிளிலே சென்றவர்கள். ஆயினும் 3,300 எங்கே, 684 எங்கே!

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். நண்பகலிலே குளிர்ந்த ரொட்டி, நடுவிலே ஒரு வில்லை பாலாடைக் கட்டி; அதற்கு உணவு என்று பெயர்! ஆறுதல் ஒன்று உண்டு. கடையிலே அட்டைப் பெட்டியிலே மோர் விற்கிறார்கள். மெய்யான, புளித்த மோர். உப்புப் போட்டு, பச்சை மிளகாய் கிள்ளிப் போட்டு நான் குடித்ததைப் பார்த்த வீட்டுக்கார அம்மாள் இன்னும் என்னைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்.

நான் சொல்ல வந்தது இதுவல்ல. டி பைப்பிலே ஆல்பர்ட் கைப் சந்தை இருக்கிறது. அங்கே ஒரு சிறு கடை. ரொட்டி, கோழிக் குழம்பு, காராமணிக்காய்ப் பொரியல்! நம் வீட்டு மணம். கடைக்கார அம்மாளைப் பார்த்தால் நம் நாட்டு முகம். "எந்த ஊர் அம்மா?" என்றேன். "சூரினாம்" என்றார். தென் அமெரிக்காவிலே ஹாலந்துக்காரர் ஆண்ட நாடு அது. "பாட்டனாருக்குப் பாட்டனார் கல்கத்தாவிலே கப்பலேறினார்" என்றார்.

அந்தக் கப்பலின் கதையைத் தேடிப் படித்தேன். சூரினாமிலே 1863 ஜூலை 1-ஆம் நாள் அடிமை முறையை ஒழித்தார்கள். ஒழித்தபோது இழப்பீடு கொடுத்தார்கள். யாருக்கு? சவுக்கடி பட்டவனுக்கா? இல்லை, ஓர் அடிமைக்கு 300 கில்டர் வீதம் உடைமைக்காரனுக்கு! விடுதலை பெற்றவனோ மேலும் பத்தாண்டு அரசின் மேற்பார்வையிலே தோட்டத்திலேயே உழைக்க வேண்டும் என்று விதித்தார்கள். பத்தாண்டு முடிந்தது 1873-இலே. அதே 1873 ஜூன் மாதத்திலே 'லல்லா ரூக்' என்ற கப்பல் இந்தியக் கூலிகளின் முதல் கூட்டத்தைக் கொண்டுபோய் இறக்கியது. 1916 வரை சுமார் 34,000 பேர், ஐந்தாண்டு ஒப்பந்தம் என்ற கயிற்றிலே கட்டுண்டு போனார்கள். இலங்கைத் தேயிலைக்கும் மலேயா ரப்பருக்கும் நம்மவர் போன அதே காலம், அதே கதை. தோட்டம் மாறவில்லை, கரும்பு மாறவில்லை. 'அடிமை' என்ற பெயர் போய்க் 'கூலி' என்ற பெயர் வந்தது! 2023 ஜூலை 1-ஆம் நாள் அந்நாட்டு மன்னர் ஆம்ஸ்டர்டாமிலே நின்று அடிமை வாணிபத்துக்காக மன்னிப்புக் கேட்டார். கேட்டது நல்லது. 150 ஆண்டு பொறுத்துக் கேட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெயரைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது அங்கேதான். எனக்கு அந்த நகரத்திலே ஒரு பெயர் உண்டு: 'எக்ஸ்பாட்'. கணிப்பொறி நிறுவனத்திலே வேலை, மேலான சம்பளம். ஆகவே இந்தப் பெயர். பெயரோடு சலுகையும் உண்டு. வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட நிபுணருக்கு, ஊதியத்திலே நூற்றுக்கு 30 வரை வரியில்லாமல் ஐந்தாண்டு கொடுக்கலாம் என்பது அவர்கள் சட்டம். (2027 முதல் அது 27 ஆகக் குறைகிறது.) பக்கத்து மேசையிலே அதே வேலை செய்யும் டச்சுக்காரருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர் என்னைப் பார்த்து முகம் சுளித்தால் குற்றம் சொல்வேனா?

என்னோடு மாலைப் படகிலே வருகிற ஒருவன் இருந்தான். போலந்துக்காரன், நாற்பது வயது. நகரத்துக்குத் தெற்கே ஒரு பூக்கிடங்கிலே பெட்டி அடுக்கும் வேலை. அவன் என்னை 'இந்தியா' என்பான், நான் அவனைப் 'போலந்து' என்பேன். அவனும் என்னைப் போலவே பிழைக்க வந்தவன்தான். ஆனால் அவன் 'எக்ஸ்பாட்' அல்ல. அவனைப் போன்றவர்களுக்கு 'வேலைக்குப் பெயர்ந்தோர்' என்று பெயர். அவனுக்கு வேலை கொடுத்தது ஆள்பிடித் தரகு நிறுவனம். படுக்கை கொடுத்ததும் அதே நிறுவனம். ஓர் அறைக்கு நால்வர். வாடகையைக் கூலியிலே பிடித்துக்கொண்டு மீதி கொடுப்பார்கள். வேலை போனால்? படுக்கையும் போயிற்று!

இது அவன் ஒருவன் கதையல்ல. 2020-இலே கொள்ளை நோய் வந்தபோது, இறைச்சிக்கூடங்களிலே இத்தகைய தொழிலாளரிடையே நோய் பரவிற்று. ஒரே அறையிலே உறங்கி, ஒரே வண்டியிலே அடைந்து வேலைக்குப் போனவர்களுக்குப் பரவாமல் என்ன செய்யும்? அதன் பிறகே அரசு ஒரு குழுவை அமைத்தது. சோஷலிஸ்டுக் கட்சியின் முன்னாள் தலைவர் எமில் ரூமர் அதற்குத் தலைவர். அந்த ஆண்டு அக்டோபரிலே வந்த அறிக்கையின் பெயர், 'இரண்டாந்தரக் குடிமக்கள் கூடாது'. வேலை ஒப்பந்தத்தையும் வீட்டு ஒப்பந்தத்தையும் பிரியுங்கள் என்றது அறிக்கை. 2023 ஜூலையிலிருந்து சட்டமும் அப்படியே சொல்லுகிறது. தாளிலே பிரிந்துவிட்டது. சட்டம் தெரியாதவனுக்கு, டச்சு மொழி படிக்கத் தெரியாதவனுக்கு, அறைச் சாவி யார் கையிலே இருக்கிறது என்பதுதான் சட்டம்!

நாட்டிலே வீட்டுப் பஞ்சம் பொல்லாதது. ஏறத்தாழ நான்கு இலட்சம் வீடுகள் குறைவு என்பது 2024-ஆம் ஆண்டுக் கணக்கு. ஆம்ஸ்டர்டாமிலே குறைந்த வாடகை வீட்டுக்குப் பெயர் பதிந்தால் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். 1901-இலேயே வீட்டுவசதிச் சட்டம் கண்டு, தொழிலாளருக்கென்று மாளிகை போன்ற குடியிருப்பு கட்டிய நகரம் அது! கட்டுவதைக் குறைத்தது யார், இருந்த வீடுகளை விற்றது யார் என்று கேட்கவேண்டிய இடத்திலே, "வெளிநாட்டான் வந்தான், வீடு போயிற்று" என்ற கூச்சல் எழுந்தது. 2023 நவம்பர் தேர்தலிலே அந்தக் கூச்சல் போட்ட கட்சி 150-இலே 37 இடம் பிடித்து முதலாவதாக வந்தது. கூச்சல் போடுகிறவன் 'எக்ஸ்பாட்' என்றும் 'கூலி' என்றும் பிரித்துப் பார்ப்பதில்லை, தோழர்களே! பிரித்துப் பார்ப்பது நாம்தான்.

ஆம், நாம்தான். என் அலுவலகத்திலே நம்மவர் ஏழெட்டுப் பேர் உண்டு. "தொழிற்சங்கமா? அது கிடங்கிலே மூட்டை தூக்குகிறவனுக்கு. நமக்கெதற்கு?" என்பார்கள். நானும் பஞ்சாலைத் தொழிலாளியின் மகன் என்பதை மறந்து தலையாட்டிக் கொண்டிருந்தேன். போன மாரிக்காலத்திலே நிறுவனம் ஆட்குறைப்பு என்றது. நம்மவர் இருவருக்கு ஓலை வந்தது. அன்றைக்குத்தான் பார்த்தோம் எங்கள் அனுமதிச் சீட்டின் விதியை. வேலை போனால் மூன்று மாதத்துக்குள் வேறு வேலை. இல்லையேல் நாட்டை விட்டு வெளியே! பிள்ளை பள்ளியிலே படிக்கிறதா, வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறாயா என்று எவரும் கேட்பதில்லை. போலந்துக்காரன் கழுத்திலே இருந்த அதே கயிறு. எங்களுடையது மூன்று மாதம் நீளம், அவ்வளவுதான்.

அவன் கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. பெட்டி தூக்கி முதுகு பிடித்துக் கொண்டது. இரண்டு வாரம் வேலை அட்டவணையிலே பெயர் இல்லை. பிறகு அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சட்டப்படி தவணை உண்டு என்பதை அவனுக்கு எவரும் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. இரண்டாவது வாரமே படகிலே அவனைக் காணவில்லை. படகுத்துறையிலே பூட்டிய அவன் சைக்கிள் மட்டும் நின்றது, பின்சக்கரத்திலே காற்றில்லாமல்.

பிப்ரவரி 25-ஆம் நாள் ஒரு சிலையைப் பார்க்கப் போனேன். பழைய யூதர் பேட்டையிலே, கையை மடித்துவிட்ட சட்டையோடு நிற்கும் துறைமுகத் தொழிலாளியின் சிலை. மாரி அந்த்ரீசன் வடித்தது, 1952-இலே திறந்தது. மன்னனுக்கும் தளபதிக்கும் சிலை பார்த்த கண்ணுக்கு அது புதிது. 1941 பிப்ரவரி 22, 23 நாட்களிலே, நாஜிப் படையினர் அந்தப் பேட்டையிலே புகுந்து நானூறுக்கும் மேற்பட்ட யூத இளைஞர்களைப் பிடித்துப் போனார்கள். மறுநாள் மாலை, நூர்டர் சந்தையிலே கூட்டம். கூட்டியவர்கள் யார்? வில்லம் கிரான் சாலைப் பணியாளர். பீட் நாக் தெருக் கூட்டுபவர். தலைமறைவாக இயங்கிய கம்யூனிஸ்டுக் கட்சி துண்டறிக்கை வெளியிட்டது. 25-ஆம் நாள் விடியற்காலை டிராம் வண்டிகள் கொட்டகையை விட்டு வெளிவரவில்லை. டிராம் ஓடாததைப் பார்த்துத்தான் ஊர் அறிந்தது வேலைநிறுத்தம் என்று! கப்பல் கட்டும் தளம் நின்றது, துறைமுகம் நின்றது, கடைகள் நின்றன. இரண்டே நாளிலே துப்பாக்கியால் அடக்கினார்கள். கிரானை 1942-இலே சுட்டுக் கொன்றார்கள். பிடித்துப் போன இளைஞர்களிலே மிகப் பெரும்பாலோர் மீளவில்லை. போர் முடிவதற்குள் அந்நாட்டு யூதர்களிலே ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொடுமையோடு எங்கள் சில்லறைத் தொல்லையை ஒப்பிட நான் துணியவில்லை. ஆனால் "அவன் வேறு, நான் வேறு" என்று டிராம் ஓட்டுநர் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சிலையடியிலே மலர் வைத்தவர்களிலே, தொழிற்சங்கச் சட்டை அணிந்த முதியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "எங்கே வேலை?" என்று கேட்டார். சொன்னேன். பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். "ஆங்கிலத்திலும் இருக்கிறது. போலிஷ் மொழியிலும் இருக்கிறது" என்றார்.

மறுநாள் அதை நிரப்பி, அலுவலக உணவு மேசையிலே, குளிர்ந்த ரொட்டிக்குப் பக்கத்திலே எல்லாரும் பார்க்கும்படி வைத்தேன். நம்மவரிலே இருவர் தங்களுக்கும் ஒரு படிவம் வேண்டுமென்று கேட்டார்கள். மூன்றாமவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இது மேலாளருக்குத் தெரிந்துவிடுமா?" என்று கேட்டார். அவருக்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.