பல்லைப் பிடித்துப் பார்க்க ஓர் இடம்

மதுரை தென்மண்டல அஞ்சல்துறைத் தலைவர் அவர்களுக்கு,



நான் பணிநிறைவு பெற்ற வரலாற்று ஆசிரியன். முன்பு வேலை பார்த்த பள்ளியில் இப்போதும் வெள்ளிக்கிழமை மாலைகளில் அஞ்சல்தலை மன்றம் நடத்திவருகிறேன். பத்துப் பதினைந்து பிள்ளைகள் வருவார்கள். இந்த மடல் அவர்களுக்காகத்தான். அதற்கு முன் எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் காந்தியைச் சேகரிப்பது இயல்பான ஆசை. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டு மாடியில்தான் அவர் அரையாடைக்கு மாறினார். ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கும் காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகாத வரலாற்று ஆசிரியர் இந்த ஊரில் இருக்க முடியாது. என் ஆல்பத்திலும் காந்திதான் நடுநாயகம். 1961இல் அமெரிக்கா வெளியிட்ட காந்தி தலை இருக்கிறது, 1969 நூற்றாண்டுத் தலைகள் இருக்கின்றன, 2011இல் தங்கள் துறை கதர்த் துணியில் அச்சிட்ட 100 ரூபாய் தலையும் இருக்கிறது. 1948 ஆகஸ்ட் 15 அன்று வந்த நான்கில் ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா மூன்றும் கிடைத்துவிட்டன. நான்காவதான பத்து ரூபாய் மட்டும் இல்லை. நான்கையும் அன்று அஞ்சலகத்தில் வாங்கியிருந்தால் 11 ரூபாய் 1 அணா ஆகியிருக்கும். அன்றைய பத்து ரூபாயைத் தபால்தலையில் போட எத்தனை குடும்பத்தால் முடியும்? அதனால்தான் இன்று அதற்கு அவ்வளவு விலை.

போன ஆண்டு ஓர் இணைய ஏலத்தில் அது வந்தது. பயன்படுத்தாதது, பசை குறையாதது என்று எழுதியிருந்தார்கள். படம் பளிச்சென்று இருந்தது. 500 ரூபாயில் தொடங்கிய ஏலம் கடைசி நாள் இரவு 11,200இல் என் பெயரில் முடிந்தது. சந்தை விலையைவிடக் குறைவு என்று மனம் குளிர்ந்தேன். அந்தக் குறைவே என்னை நிறுத்தியிருக்க வேண்டும்.

உறை வந்த வெள்ளிக்கிழமை அதை மன்றத்துக்கே எடுத்துப்போனேன். தலையைச் சாமணத்தால் எடுத்துக் கறுப்பு அட்டையில் வைத்து, ஒவ்வொருவராக லென்ஸில் பார்க்கச் சொன்னேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நெடுநேரம் குனிந்தே இருந்தாள். பிறகு, "சார், காந்தி தாத்தா நெத்தியில நீலப் புள்ளி, மஞ்சப் புள்ளியா இருக்கே சார்" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். இருந்தன. அசல் பத்து ரூபாய் தலை சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் இரண்டே நிற மையில் அச்சானது: ஊதா கலந்த பழுப்பு, அரக்குச் சிவப்பு. அதில் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் வேலையே இல்லை. அவை இன்றைய கலர் பிரிண்டரின் புள்ளிகள். கை நடுங்க, பல் அளக்கும் அட்டையை எடுத்தேன். தலையின் ஓரத்தில் இருக்கும் துளைகளை இரண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை என்று கணக்கிடும் அட்டை அது. 1948 காந்திக்குப் பதினொன்றரை வர வேண்டும். இதற்குப் பன்னிரண்டரையைத் தாண்டியது. பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போலிதான்மா" என்றேன். அந்தப் பிள்ளை தானே தப்பு செய்ததுபோல் லென்ஸை மெல்லக் கீழே வைத்தாள்.

நம் பக்கத்து மாட்டுச் சந்தைகளைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். ஆனால் அதற்கு முன் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிடுவார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குகிறவன் பார்த்தே ஆக வேண்டும். அஞ்சல்தலைக்கும் பல் இருக்கிறது. இணைய ஏலத்தில் அந்தப் பல்லைப் பிடித்துப் பார்க்க வழியில்லை. படம் பார்த்து விலை சொல்கிறோம்.

படத்தில் தெரியாதவற்றிலேதான் தலையின் மதிப்பு முழுவதும் இருக்கிறது. பின்பக்கம் தாள் எங்காவது உரிந்து மெலிந்திருக்கிறதா, பழைய பசையைக் கழுவிவிட்டுப் புதுப் பசை தடவினார்களா, ஒரு பக்கம் பல் உடைந்ததை வெட்டிவிட்டுப் புதிதாகத் துளை போட்டார்களா, நீர்க்குறி சரியாக இருக்கிறதா: இவையெல்லாம் கையில் வைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். பல விற்பனையாளர்கள் பின்பக்கத்தைப் படம் எடுப்பதே இல்லை. சிலர் நல்ல தலையின் படத்தைப் போட்டு வேறொன்றை அனுப்புகிறார்கள். எனக்கு வந்த தலையின் படத்தையே பிறகு தேடிப் பார்த்தேன். இன்னொரு தளத்தில், வேறொரு பெயரில், அதே மூலை மடிப்போடு அது விற்பனைக்கு இருந்தது.

ஏலம் என்ற சொல்லே அங்கே பொருள் மாறிவிடுகிறது. கண்முன்னே நடக்கும் ஏலத்தில் ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூவும்போது எதிரே விலை ஏற்றுகிறவன் யார், யாருடைய ஆள் என்று கூட்டத்துக்குத் தெரியும். இணையத்தில் எதிரே நிற்பவர் இரண்டு எழுத்தும் நான்கு நட்சத்திரக் குறியும். 9,000 வரை என்னோடு போட்டியிட்டவர் விற்றவரே வைத்த ஆளாக இருந்திருக்கலாம். எனக்கு அதை அறிய வழியில்லை.

இதே காந்தி தலையில் இன்னொரு பொறியும் உண்டு. அன்றைய கவர்னர் ஜெனரல் அலுவலகப் பயன்பாட்டுக்காகப் பத்து ரூபாய் தலையில் சுமார் நூறுக்கு மட்டும் 'சர்வீஸ்' என்று மேலச்சு செய்தார்கள். அவற்றில் நான்கு தலை கொண்ட ஒரு வரிசை 2017இல் லண்டனில் 5 லட்சம் பவுண்டுக்கு விற்றது. செய்தி உலகம் முழுவதும் போனது. இந்தப் பொறியில் தலை அசலாகவே இருக்கலாம். மேலே ஏறிய ஒற்றைச் சொல் மட்டும் போலி. தலையை எத்தனை முறை அளந்தாலும் பதினொன்றரைதான் வரும். அந்தப் போலியைப் பிடிக்க மேலச்சின் எழுத்து வடிவமும் மையும் தெரிந்த கண் வேண்டும்.

பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது இன்னொன்றில். ஏதோ ஒரு நாட்டின் பெயரைப் போட்டு, அந்த நாட்டு அஞ்சல்துறைக்கே தெரியாமல் அச்சடித்த வண்ண வண்ணக் காந்தி தலைகள் கட்டுக்கட்டாக ஏலத்துக்கு வருகின்றன. இதைத் தடுக்கத்தான் உலக அஞ்சல் ஒன்றியம் 2002 முதல், உறுப்பு நாடுகள் முறையாக வெளியிட்டுப் பதிவு செய்யும் தலைகளுக்கு எண் கொடுத்துப் பட்டியல் வைத்திருக்கிறது. அப்படி ஒரு பட்டியல் இருப்பது என் மன்றத்தில் ஒரு பிள்ளைக்கும் தெரியாது. எனக்கே தாமதமாகத்தான் தெரியும்.

விற்கும் பக்கமும் ஏமாற்று இருக்கிறது. மேலூர், திருமங்கலம் பக்கத்து ஊர்களில் தாத்தா ரங்கூனுக்கோ மலாயாவுக்கோ போயிருந்த வீடுகளில் தகரப்பெட்டிக்குள் பழைய கடிதங்கள் கிடக்கின்றன. 'பழைய ஸ்டாம்புக்கு லட்சம் ரூபாய்' என்று ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அழைக்கிறவர்களிடம் முதலில் பதிவுக் கட்டணம், அப்புறம் வரி, அப்புறம் கமிஷன் என்று பிடுங்குகிறார்கள். பழைய நாணயம், ரூபாய் நோட்டு விஷயத்தில் இதே மோசடி தன் பெயரைச் சொல்லி நடப்பதாக 2021இல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. தெரிந்த ஒரு வீட்டில் பணமும் போய், உறைகளிலிருந்து தலைகளை மட்டும் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தும் வைத்திருந்தார்கள். உறையோடும் முத்திரையோடும் இருந்தவரைதான் அவற்றுக்கு ஏதாவது மதிப்பு. இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் பணத்தை மீட்க முயன்றேன். விற்றவர், "உள்ளது உள்ளபடி விற்றேன், திரும்ப வாங்குவதில்லை" என்று ஒரு வரி அனுப்பினார். அடுத்த வாரம் அந்தக் கணக்கே இல்லை. வழக்கறிஞர் நண்பர் ஒருவரைப் பார்த்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் மதுரையிலேயே வழக்குப் போடலாம் என்றார். பிறகு கேட்டார்: "சரி சார், இது போலின்னு சொல்றது யாரு?"

நான் சொன்னேன், என் லென்ஸ் சொல்கிறது, அந்தப் பிள்ளை சொன்னாள் என்று. அவர் சிரிக்கவில்லை. "எழுத்துல வேணும் சார். சோதிச்சுப் பார்க்க வேண்டிய பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்குச் சட்டம் இடம் கொடுக்குது. ஸ்டாம்புக்கு ஆய்வகம் எங்க இருக்கு?" என்றார்.

தலைவர் அவர்களே, நான் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான். 1869இல் தொடங்கிய லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டியில் நிபுணர் குழு இருக்கிறது. தலையை அனுப்பினால் பார்த்துச் சான்றிதழ் தரும். லட்சக்கணக்கில் வாங்குகிறவருக்கு அது சரி. 11,200 ரூபாய்க்கு வாங்கிய ஆசிரியனும் 300 ரூபாய்க்கு வாங்கிய மாணவியும் லண்டனுக்கு அனுப்புவது நடக்காத காரியம். சான்றிதழிலும் ஏமாற்று நடக்கிறது. ஒரு தலைக்கு வாங்கிய சான்றிதழை வேறொரு தலையோடு சேர்த்து விற்கிறார்கள். சான்றிதழ்ப் படத்தில் உள்ள பல்லையும் முத்திரையையும் கையில் உள்ளதோடு ஒப்பிடத் தெரியாதவருக்கு அந்தக் காகிதம் இன்னொரு பொறிதான்.

எங்களைச் சேகரிக்கச் சொன்னது தங்கள் துறை. 2017இல் தீன் தயாள் ஸ்பர்ஷ் திட்டம் வந்தது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளில் நாடு முழுவதும் 920 பேருக்கு அஞ்சல்தலை ஆர்வத்துக்காக ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை. மிக நல்ல திட்டம், மனமாரச் சொல்கிறேன். 200 ரூபாய் கட்டி ஃபிலாடெலி டெபாசிட் கணக்கு தொடங்கினால் புதுத் தலைகள் வீட்டுக்கே வருகின்றன. அதில் ஏமாற இடமில்லை. 2008இல் வந்த மல்லிகை வாசத் தலையை முகர்ந்து பார்த்து, "நம்ம ஊரு மல்லி மாதிரி இல்ல சார்" என்று பிள்ளைகள் வாதாடியதை என்றும் மறக்க மாட்டேன். ஆனால் ஆசை பிடித்த பிள்ளை பழைய தலையையும் தேடும். தேடினால் கைப்பேசியில் முதலில் வருவது ஏலம். வாசல் வரை கூட்டிவந்த துறை, அங்கே இருக்கும் பள்ளத்தையும் காட்ட வேண்டும் அல்லவா?

நான் கேட்பது பெரிதல்ல. ஸ்காட் சாலைத் தலைமை அஞ்சலகத்தில் அஞ்சல்தலைப் பிரிவு இருக்கிறது. அங்கே மாதம் ஒரு நாள் பிற்பகல், ஒரு மேசை. நல்ல லென்ஸ், பல் அளக்கும் அட்டை, புற ஊதா விளக்கு, அதிகம் போலியாகும் இந்தியத் தலைகளின் பெரிதாக்கிய படங்கள். ஊரில் நாற்பது ஐம்பது ஆண்டு சேகரித்த கைகள் உண்டு. அழைத்தால் ஊதியம் கேட்காமல் வந்து உட்காருவார்கள். வாங்கியதையோ, வீட்டுப் பெட்டியில் கிடைத்ததையோ கொண்டுவந்து யாரும் காட்டலாம். அந்த மேசையில் தீராத ஐயத்தைக் கட்டணம் வாங்கிக்கொண்டு, டெல்லியில் துறையே நடத்தும் தேசிய அஞ்சல்தலை அருங்காட்சியகத்துக்கு அனுப்பி, எழுத்தில் ஒரு கருத்து பெற்றுத்தர வழி வேண்டும். அந்த ஒரு தாள் இருந்திருந்தால் என் நண்பர் வழக்குப் போட்டிருப்பார். தமிழில் ஒரு பக்க எச்சரிக்கையும் வேண்டும். எல்லா அஞ்சலகப் பலகையிலும், மன்றம் இருக்கும் எல்லாப் பள்ளியிலும் அது ஒட்டப்பட வேண்டும்.

இது துறையின் வேலையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். போலி அஞ்சல்தலை செய்வது, விற்பது, தக்க காரணமின்றி வைத்திருப்பது ஆகியவை குற்றம் என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 263ஏ பிரிவு சொன்னது. புதிய நியாய சன்ஹிதாவில் அது 186. அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். அரசின் பெயரில் வந்த தலையின் மானத்துக்குச் சட்டம் அவ்வளவுதான் காவல் வைத்திருக்கிறது. தொகையை உயர்த்தத் தங்களால் முடியாது என்பது தெரியும். போலி எது என்று கண்டு சொல்வது தங்களால் முடியும். தலை வெளியிட்டவரைவிட அசலை அறிந்தவர் வேறு யார்?

என்னிடம் இருக்கும் பத்து ரூபாய் காந்தியை ஒரு கண்ணாடித் தாளுக்குள் போட்டு, 'போலி' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அதை நான் வைத்திருப்பதும் சரியில்லை. அந்த மேசை தொடங்கும் நாளில், முதல் மாதிரியாகத் தங்களிடமே ஒப்படைத்துவிடுகிறேன். நீலப் புள்ளியை முதலில் கண்ட பிள்ளையையும் அழைத்துவருவேன். புள்ளி எங்கே இருக்கிறது என்று வருகிறவர்களுக்கு அவளே காட்டுவாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
மதுரை.