தென்கரை அரிசி

வங்காளத்தில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் கோவிந்தபோக் அரிசியை அறியாதார் இலர். சிறுமணியும் நறுமணமும் உடைய அவ்வரிசி, பண்டிகை நாட்களில் நம் பாயசத்திலும் இடம் பிடித்துவிட்டது. அது மிகுதியாக விளையும் ராய்னா, கண்டகோஷ் வட்டாரங்கள் தாமோதர் நதியின் தென்கரையில் உள்ளவை. அக்கரை பட்ட பாட்டை அன்பர்கள் அறிந்திருத்தல் நலம்.

கோடையில் தாமோதரைக் காண்பவர், 'வங்காளத்தின் துயரம்' எனப் பெயர் பெற்ற ஆறு இதுதானோ என்று ஐயுறுவர். கண்ணுக்கெட்டிய மட்டும் மணலே தோன்றும். ஆயினும் சோட்டா நாகபுரி மேட்டுநிலத்தில் பெருமழை கொட்டினால், அந்நீர் சரிவுகளில் விரைந்து வழிந்து, பராக்கர் ஆற்றுடன் கூடிச் சமவெளியில் வந்து விழும். 1913-இலும் 1935-இலும் நொடிக்கு ஆறு லட்சம் கன அடிக்கு மேல் நீர் வந்தது.

வெள்ளம் முற்றும் தீமை என்று பண்டைய உழவர் கருதவில்லை. ஆடிப் பெருக்கில் புதுப்புனலை வணங்கும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மெல்லப் பரவி வடியும் நீர் வயலில் வண்டலை விட்டுச் செல்லும். வில்லியம் வில்காக்ஸ் என்னும் பாசனப் பொறியாளர், 1930-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகச் சொற்பொழிவுகளில் இதனையே வற்புறுத்தினார். ஆற்றைக் கரைகளுக்குள் அடைத்ததனால் நிலம் மெலிந்தது, மலேரியா மலிந்தது என்பது அவர் கட்சி. அதனைப் பொறியாளர் பலர் ஏற்றிலர்.

வடகரையில் பர்துவான் நகரும் பெருஞ்சாலையும் இருந்தன. 1855-இல் ராணிகஞ்சு வரை இருப்புப்பாதையும் வந்தது. அவற்றைக் காக்க வடகரை உறுதியாக நிறுத்தப்பட்டது. தென்கரையிலோ, அதே 1850-களில், சுமார் 20 மைல் நீளத்திற்குக் கரையை அரசினரே அகற்றினர். பெருகும் நீர் எங்கேனும் போயாக வேண்டும் அன்றோ? எங்கே போவது என்பது அன்றே தீர்மானிக்கப்பட்டது. தென்கரை உழவரின் வயல்களை மணல் மூடியது. அவர்களை யாரேனும் கேட்டார்களா என்று நான் வினவுவதுண்டு.

காத்த கரையும் எந்நாளும் காக்கவில்லை. 1943 ஜூலையில் பர்துவானுக்கு அருகே வடகரை உடைந்தது. அவ்வாண்டு வந்த நீர் 1913-ஐ விடக் குறைவே. எனினும் ஊர்கள் மூழ்கின, இருப்புப்பாதையும் பெருஞ்சாலையும் அறுந்தன. போர்க்காலம், வங்காளம் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்த ஆண்டு. கல்கத்தாவின் வழி அடைபட்ட பின்னரே விசாரணைக் குழு அமைந்தது. விஞ்ஞானி மேகநாத் சாகா அதில் ஓர் உறுப்பினர்.

1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் பிறந்தது. முதல் திட்டத்தில் எட்டு அணைகள் இருந்தன. 1953 முதல் 1959 வரை அக்கழகம் எழுப்பியவை திலையா, கோனார், மைதான், பஞ்சேத் என்னும் நான்கே. அந்நீர்த்தேக்கங்களுக்குத் தம் நிலத்தை இழந்தோர் மேட்டுநிலத்துச் சாந்தால் உழவரும் பிறரும் ஆவர். 1978 செப்டம்பரில் அணைகள் வெள்ளத்தின் பெரும்பகுதியைத் தாங்கின. ஆயினும் அவற்றிற்குக் கீழே பெய்த மழையே சமவெளியை மூழ்கடிக்கப் போதுமானதாயிற்று.

இன்றும் புரட்டாசி மழையில் மைதான், பஞ்சேத் மதகுகள் திறந்தால், துர்காபூரில் எத்தனை கன அடி விடப்படுகிறது என்ற செய்தியைக் கீழ்த்தாமோதர் உழவர் உற்றுக் கேட்கின்றனர். அப்போது கோவிந்தபோக் நெல் இன்னும் கதிர் முற்றாமல் வயலில் நிற்கும்.